அத்தியாயத்தின் தலையிலிருந்து

நீதிமன்றத்தில் ஆவணங்களை உரக்கப் படித்துக் காட்டுவதுதான் அந்த அம்மாளின் உத்தியோகம். வக்கீல்கள் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் ‘படிப்பக்கா’. நடுப்பக்கத்தில் தொடங்கினால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். தலைப்பிலிருந்து தொடங்கினால்தான் குரல் ஓடும். துண்டு உயிலானாலும் அப்படித்தான். குளிரில் கிளம்பாத மோட்டார் என்று கேலி செய்வார்கள்.

அந்தப் புதன்கிழமை அவர் கைக்கு வந்தது ஒரு நாவல். கைதி ஒருவனை வதைப்பதைச் சகிக்க முடியாதபடி எழுதியிருப்பதால் அதைத் தடை செய்து, எழுதியவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று வழக்கு. எழுத்தாளரின் மனைவி கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சிவப்பு மையால் கோடிட்ட பத்தியை மட்டும் படிக்கச் சொன்னார் அரசு வக்கீல். அதை முன்பே ஒருமுறை கண்ணால் மேய்ந்திருந்த அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுந்தார், வழக்கம்போல அத்தியாயத்தின் தலைக்குப் போனார்.

“கோடு போட்டதப் படிக்கச் சொன்னா, முழுக்கதையும் ஆரம்பிச்சிட்டீங்களேக்கா” என்றார் வக்கீல்.

“என் தொண்டை அப்படி, சார். என்ன பண்றது?”

கூடத்தில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. “படிக்கட்டும். எனக்கு அவசரமில்ல” என்றார்.

கோடிட்ட வரிகள் வந்தபோது அக்காவின் குரல் உடைந்தது. நீதிபதி தன் தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, பத்தி முடிந்த பிறகும் படித்துக்கொண்டே போனார். சிறை வாசலில் மகனின் சட்டையை வாங்கிக்கொண்ட தாய், பொத்தான் அறுந்த இடங்களைத் தடவித் தடவிப் பார்ப்பது வரை. யாரும் தடுக்கவில்லை.

மறுவாரம் தீர்ப்பு வந்தது. இந்தக் கதை கொடுமையைக் காட்டுகிறதே தவிரக் கொண்டாடவில்லை என்றார் நீதிபதி. தடையும் இல்லை, சிறையும் இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையில் அச்சிட வேண்டும், அவ்வளவுதான்.

வராந்தாவில் எழுத்தாளர் அக்காவுக்கு நன்றி சொன்னார். கூடவே அட்டை வாசகத்தைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தார்.

“தம்பி, என் பேத்தி கையில இது கெடைக்கக் கூடாதுன்னு நானும்தான் நெனச்சேன். ஒரு வரிதானே, போட்டுடுங்க. நன்றிய, முழுசா உக்காந்து கேட்ட ஜட்ஜய்யாவுக்குச் சொல்லுங்க.”

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா மனத்துக்குள் ஒவ்வொருவராக நன்றி சொன்னார். தம்ளரை நகர்த்திய நீதிபதிக்கு, பிறகு குறுக்கே பேசாமல் உட்கார்ந்த அரசு வக்கீலுக்கு, அந்தத் தாயை எழுதாமல் விடாத எழுத்தாளருக்கு. கடைசியாக, நடுவில் தொடங்கத் தெரியாத தன் தொண்டைக்கும்.