இருபத்திரண்டு கூறுகளும் என் குரலும்

திருச்சியில் ஒரு கல்லூரி அரங்கில், விவாதப் போட்டியில், மறுப்புரையின் நடுவே, என் குரல் பிளந்தது. ஒரு சொல்லின் முற்பாதி ஒலித்தது. பிற்பாதி வெறுங்காற்றாக வெளியேறியது. நான் நிறுத்தவில்லை. எதிரணியை வீழ்த்தாமல் இறங்குவதில்லை என்ற செருக்கில் இன்னும் உரக்கப் பேசினேன். வென்றேன். கோப்பையோடு புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறி, பயணச்சீட்டுக் கேட்க வாய் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. கீரனூர் தாண்டியும் வரவில்லை.

என் குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரு மடிப்புகளில்) பாலிப் இருப்பதாக மருத்துவர் கூறினார். பாலிப் என்பது, அளவுக்கு மீறிய அழுத்தத்தால் இரத்தம் கசிந்து கொப்புளம்போல் திரளும் சதை. புற்றுநோய் அன்று. நுண்ணறுவை (வாய் வழியாகக் கருவி செலுத்திச் செய்யும் சிறு அறுவை) மூலம் அதை அகற்றினார். ஒரு வாரம் முழு மௌனம். பிறகு அவசியமான ஓரிரு சொற்கள். ஆறு மாதம் மேடை கிடையாது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கிசுகிசுப்பது ஓய்வாகாது. அது தொண்டையை மேலும் வருத்தும்.

வீட்டில் இருக்க இயலவில்லை. வந்தவரெல்லாம் நலம் விசாரித்தார்கள். விடை சொல்ல முடியாத எனக்கு ஒவ்வொரு கேள்வியும் தோல்வியாகப் பட்டது. அப்போதுதான் எங்கள் நகரப் பூங்காவின் பின்பகுதியில் தொடங்கியிருந்த இயற்கைத் தோட்டத்தில் சேர்ந்தேன். விதைக்கும் முன்பே உறுப்பினராகிவிட வேண்டும். சனிக்கிழமை காலைகளில் உழைக்க வேண்டும். இரசாயனம் இல்லை, பூச்சி பாதியைத் தின்றாலும் மீதியைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்ட இருபத்திரண்டு குடும்பங்கள். களை எடுப்பவளிடம் எவரும் சொற்பொழிவு எதிர்பார்ப்பதில்லை என்பதே என்னை ஈர்த்தது.

ஆனால் அங்கேயும் வாதம் இருந்தது. நகலகம் நடத்தும் ஸ்டெல்லா அக்காவும், கைப்பேசி பழுதுபார்க்கும் பீர் அண்ணனும் வாரந்தோறும் மோதினார்கள்.

"அந்தக் கத்தரியப் புடுங்கிப் போடுங்கண்ணே. பூச்சி விழுந்தது விழுந்ததுதான்."

"ஒங்களுக்கு எதையாச்சும் புடுங்கிக்கிட்டே இருக்கணும். போன வாரம் என் வெண்டையவும் புடுங்கிட்டீங்க."

"எலையப் பாத்தா துத்தி மாதிரி இருந்துச்சு. வெண்டைன்னு போர்டு வச்சிருந்தீங்களாக்கும்?"

இருவர் வாதத்திலும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடுக்கிக்கொண்டே களை பறித்தேன். ஒரு சொல்லும் பேசவில்லை. எனவே மருத்துவரின் கட்டளையை முற்றும் நிறைவேற்றுகிறேன் என்று நம்பினேன்.

மூன்றாம் வாரப் பரிசோதனையில் குரல்நாண் மீண்டும் வீங்கியிருந்தது.

"கத்துனீங்களா?" என்று மருத்துவர் என் கழுத்தில் விரல் வைத்தபடி கேட்டார். தலையசைத்து மறுத்தேன்.

"சத்தியமா இல்லைங்க டாக்டர்," என்றார் உடன் வந்திருந்த அம்மா. "அந்தத் தோட்டத்துத் தூசிதான். சொன்னா கேக்க மாட்டேங்கிறா. தோட்டமும் வேணாம், மேடையும் வேணாம். பேசாம பி.எட். படிக்கட்டும்."

மருத்துவர் மறுகையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். "இப்ப மனசுக்குள்ள என்ன சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார்.

கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டினேன்: 'அம்மா சொல்வது மூன்று காரணங்களால் தவறு.'

அவர் சிரித்துவிட்டார். "மூணு காரணமும் என் விரலுக்குத் தெரிஞ்சுச்சு. வாய்தான் மூடியிருக்கு. தொண்டை பேசிக்கிட்டே இருக்கு." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை கீறுற மாதிரி வந்தா அங்க தழும்பு விழும். அப்புறம் மேடைக்குரலுக்கு நான் உறுதி தர முடியாது."

தசை இறுக்கம் (பேசாதபோதும் தொண்டைத் தசைகள் விறைத்து நிற்பது) என்று அதைக் குறிப்பிட்டார். வாதிடுபவர்களுக்கே உரிய பிழை. எதிராளியின் முதல் வாக்கியம் முடியும் முன்பே விடை கட்டத் தொடங்கிவிடும் பயிற்சி எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே உண்டு. எவர் பேச்சையும் நான் முடிவுவரை கேட்டதில்லை.

மேடை எனக்கு வேண்டும். ஆகவே கேட்கப் பழகினேன். மருத்துவர் அனுப்பிய பேச்சுப் பயிற்சியாளர் தாடையைத் தளர்த்தவும், மூச்சை நீளமாக விடவும் கற்பித்தார். தோட்டத்தில் வாதம் தொடங்கியதும் இரு விரல்களைக் கழுத்தில் வைத்து நின்றேன். தசை விறைத்தால் தோல்வி. மூச்சை விட்டு மீண்டும் தொடக்கம். நாளெல்லாம் தோற்றேன்.

"என்னடி, நீயே டாக்டரம்மா ஆயிட்டியா? ஒன் கழுத்த நீயே புடிச்சுக்கிட்டு நிக்கிற!" என்றார் ஸ்டெல்லா அக்கா. அவர் சொல்லி முடிக்கும்வரை தொண்டை தளர்ந்தே இருந்தது. அதை என் முதல் வெற்றியாகக் குறித்துக்கொண்டேன்.

நான்காம் மாதம் முதல் அறுவடை. சாதாரணமாகப் பேசலாம் என்று மருத்துவர் அனுமதித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பூச்சி தின்றதுபோக மிஞ்சிய காய்களை இருபத்திரண்டு கூறுகளாக வைத்தோம். ஒன்றுபோல் ஒன்று இல்லை. முகங்கள் இறுகத் தொடங்கின.

கோட்டைப்பட்டினத்துக்காரரான பீர் அண்ணன் வழி சொன்னார். "எங்க ஊருக் கரையில மீனுப் பங்கு வைக்கிறப்ப ஒருத்தர் அங்கிட்டுத் திரும்பி நிப்பாரு. இன்னொருத்தர் கூறத் தொட்டு 'இது யாருக்கு'ன்னு கேப்பாரு. பாக்காம பேரு சொல்லணும். அப்புறம் சண்டையே வராது."

"இவ சொல்லட்டும். பேச்சுக்காரியாச்சே," என்று ஸ்டெல்லா அக்கா என்னை முன்னே தள்ளினார்.

மதில் பக்கம் திரும்பி நின்றேன். மதிலுக்கு அப்பால் பேருந்துகள் ஒலிப்பானை அலறவிட்டன. எனக்குப் பின்னால் இருபத்திரண்டு குடும்பங்கள். ஒரு முகமும் தெரியவில்லை. கூட்டத்தை முகம் பார்த்து ஆளவே நான் கற்றிருந்தேன்.

"இது யாருக்கு?" என்றார் பீர் அண்ணன்.

"ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு."

"கேக்கல! சத்தமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மேடைக்குரல் தொண்டைவரை ஏறியது. எடுத்திருந்தால் மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும். மூன்று மாத உழைப்பும் அதோடு போயிருக்கும். தாடையைத் தளர்த்தினேன். மூச்சு அடிவயிறுவரை இறங்கக் காத்திருந்தேன். முன்பு சொன்ன அதே அளவில் மீண்டும் சொன்னேன்.

பின்னால் பேச்சு அடங்கியது. பிறகு உதிர்ந்த சருகுகள் மிதிபடும் ஓசை. அவர்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு பெயர்களையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு விழுந்த கூறில் பாதி சொத்தைக் கத்தரி.

பையோடு வந்திருந்த அம்மா அதைக் கிளறிப் பார்த்தார். "நல்லதா ஒண்ணு எடுத்துக்கத் தெரியலையா ஒனக்கு?"

"நான் பாக்கலையேம்மா."

"ம். ஒன் குரல் கேட்டுச்சு, எனக்கு," என்றார் அம்மா. மேடை வேண்டாம் என்பதை அன்று அவர் சொல்லவில்லை.

என் குரல் முன்னிலும் தாழ்ந்துவிட்டது. உச்சத்தில் ஏறி நிற்கும் அந்த ஒலி இனி வராது என்றே தோன்றுகிறது. இந்தக் குரலோடுதான் அடுத்த ஆண்டு மேடையேறப் போகிறேன். அதில் எனக்கு ஐயமில்லை. முன்பெல்லாம் நேரம் என்பது, எச்சரிக்கை மணி அடிக்கும் முன் சொற்களைத் திணிக்க வேண்டிய ஓர் இடுக்கு. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் விலா எலும்புகள் விரிவதை உணர்கிறேன். அவை விரிந்து முடியும்வரை நான் தொடங்குவதில்லை.