பின்சீட்டு

விழுப்புரத்தில் வண்டிச் சீட்டு தைக்கும் கடையில் அப்பாவின் பழைய பைக் சீட்டைப் பிரித்ததும் மக்கிய ஸ்பாஞ்சு நாற்றம் முகத்தில் அடித்தது.

"என்னாங்க இது, பாதிதான் கீது? யாரு அறுத்தது?" என்றார் கடைக்காரர்.

அப்பாதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்த் திரும்புகையில், பின்னால் இருந்த அம்மா தூக்கத்தில் சரிந்து விழுந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டேங்கின்மேல் உட்கார்ந்திருந்த எனக்குக் கீறல்கூட இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், அப்பா காய் நறுக்கும் கத்தியால் பின்சீட்டை அறுத்து எறிந்தார். மிஞ்சிய வெறும் தகட்டில் என் புத்தகப் பையைக் கட்டுவார். பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவார். நான் பக்கத்தில் நடப்பேன்.

"நான் ஏறிக்கிறேம்பா."

"பேசாம நடந்து வாடா."

இப்போது என் மகளைப் பள்ளியில் விட வண்டி வேண்டும். முழு சீட்டாகவே போடச் சொன்னேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மகள் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அப்பா புதுச் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது.

"எறங்கு கண்ணு," என்றார்.