அம்மைப்பால் குத்தப் போன தோட்டத்தில்

அம்மைப்பால் குத்தும் வேலையில் ஊசி பெரிய காரியமே இல்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்ற வைப்பதுதான் பெரிய காரியம்.

தோட்டத்துப் பெண்கள் ஓர் ஆண்பிள்ளை முன்னால் தோள்வரை கையைத் திறந்து காட்ட மாட்டார்கள். எனக்கு உத்தியோகம் கிடைத்ததே அதனால்தான். பதுளையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்து வீட்டில் இருந்தவளை, பெண்களுக்குக் குத்த ஒரு பெண் வேண்டும், தற்காலிகம்தான், என்று கூப்பிட்டார்கள். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து, அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கீறிவிடுகிற வேலை எனக்கு வாய்த்தது. தனக்குக் கொஞ்சமும் பொருந்தாத கதிரையில் உட்கார்ந்து மாதக் கடைசியை எதிர்பார்த்திருக்கும் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மேலே இருந்தவர் சுகாதாரப் பரிசோதகர். யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் காக்கிக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நாட்டில் எங்கோ பெரியம்மை கிளம்பிவிட்டது என்ற செய்தியோடு நாங்கள் ஜீப்பில் ஏறிய முதல் நாளே, ஊசிப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த என்னைக் கவனித்துவிட்டார். "பயப்பிடாதையும் பிள்ளை. கதைக்கிறது என்ரை வேலை, கையைப் பிடிக்கிறது உம்முடை வேலை" என்றார்.

பெரட்டுக் களம்

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி அன்றைய வேலைக்குப் பெயர் பதிகிற நேரம். எல்ல என்ற ஊருக்கு அப்பாலுள்ள அந்தத் தோட்டத்தில் பெரட்டுக் களத்திலேயே எங்களுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். கையைக் காட்டாதவருக்கு அன்று வேலை இல்லை என்பது துரையின் உத்தரவு. பரிசோதகர் ஒரு வாங்குப் பலகையில் ஏறி நின்று, பெரியம்மை எவ்வளவு பொல்லாதது என்றும், நாங்கள் வந்திருப்பது நாட்டின் நன்மைக்காக என்றும் பேசினார். கூட்டம் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பனியில் நின்றது.

பெண்கள் வரிசையில் முதலில் வந்தவள் அழகம்மா. எதையும் ஓடி ஓடிச் செய்கிறவள். அதற்குக் காரணம் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த தோட்டத்தில் அவளுடைய தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தினமும் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அழகம்மா பாலத்தைக் கடந்து போய், தாய்க்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருவாள். "சட்டுன்னு குத்துங்க மிஸ்ஸி" என்றாள். வெள்ளைச் சேலை உடுத்தவர்கள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான். கை வீங்கும், காய்ச்சலும் வரலாம் என்று சொன்னேன். வீங்கின கையோடு கொழுந்து குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை என்னை முந்திக்கொண்டு, குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"குத்துறது கவர்மெண்டு, வீங்குறது எங்கையி, அரைப்பேரு போடுறது கணக்கப்புள்ள. நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க, மிஸ்ஸி."

நாட்டின் நன்மை

ஆண்களுக்குக் குத்தியவர் பரிசோதகர். வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றி இரண்டு தோள்களையும் காட்டினார். இரண்டிலும் காசளவு தழும்புகள். இந்தியாவிலிருந்து வரும் வழியில் மண்டபம் முகாமில் நிறுத்திக் குத்தியவை. ஊருக்குப் போய் வந்தபோதெல்லாம் மறுபடியும் குத்தினார்களாம். பழைய தழும்பு கணக்கில் சேராது, இப்போது புதிதாகக் குத்தத்தான் வேண்டும், என்றார் பரிசோதகர்.

பெரியவர் மறுக்கவில்லை. கையை மேசைமேல் வைத்துவிட்டார். பால் விட்டுக் கீறி முடியும்வரை முகம் சுளிக்காமல் இருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு போகும்போதுதான் திரும்பி நின்று, மரியாதையாகவே கேட்டார்:

"நாட்டு நன்மைன்னு பேசுனீங்க, கேட்டுக்கிட்டேன். நீ இந்த நாட்டுக்காரன் இல்லேன்னு சொல்லிப் பிரஜா உரிமைய வெட்டிவிட்டாங்களே, அந்த நாட்டு நன்மைக்கு எங்கையி எதுக்குங்க ஐயா?"

பங்களா

ஆட்கள் குடியிருக்கும் லயங்களையும் முடித்தபின் துரையின் பங்களாவுக்குப் போனோம். பின்பக்கத்து விறாந்தையில் எங்களை உட்காரவைத்து, சமையல் செய்கிற அப்பு தேநீர் கொடுத்தார். கோப்பையும் தட்டும் மெல்லிய சீனப் பீங்கான். உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் குடிக்கவே இல்லை. துரை ஏற்கெனவே கொழும்பில் குத்திக்கொண்டுவிட்டார். துரைசாணி பூங்கத்தரியோடு வந்தார். நல்ல பெண்மணி, சிரித்த முகம். என் படிப்பை விசாரித்தார், என் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அதே சிரிப்போடு, தனக்கு ஊசி வேண்டாம் என்றார். அவருடைய நாடான இங்கிலாந்தில் அம்மைப்பால் கட்டாயம் என்ற சட்டத்தையே எடுத்துவிட்டார்களாம். உடம்பு அவரவருடையது, அதில் எது போவது என்பதை அவரவர் மனச்சாட்சிதான் தீர்மானிக்க வேண்டும், என்றார்.

பரிசோதகர் எழுந்து நின்று, நல்லது, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். காலையில் பெரட்டுக் களத்தில் முரண்டு பிடித்த ஒரு பெண்ணை அதே மனிதர் அதட்டி உட்காரவைத்தது எனக்கு நினைவிருந்தது. ஜீப் வளைவில் திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, துரைசாணி சொன்னது சரியா என்று கேட்டேன். அவர் பாதையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பங்களாவிலை இருந்தால் அது மனச்சாட்சி, பிள்ளை. லயத்திலை இருந்தால்தான் அதுக்குப் பேர் பிடிவாதம்."

பாலத்துத் தடி

சில நாளில் அந்தத் தோட்டத்திலேயே ஒருவருக்கு அம்மை கண்டது. புதிதாக இந்தியாவிலிருந்து திரும்பியவர், நாங்கள் குத்தப் போனபோது அங்கே இல்லாதவர். அவரைத் தனியாகக் கொண்டுபோய் வைத்தோம். தோட்டத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தத் தோட்டத்துக்கு வண்டிப் பாதை ஒன்றுதான். ஓடைமேல் உள்ள பாலத்தைக் கடந்தால் அடுத்த தோட்டம், அதைத் தாண்டினால் பெரிய ரோட்டு. பாலத்தின் வெளிமுனையில் ஒரு மூங்கில் தடியைக் குறுக்கே போட்டு, ஒரு காவல்காரரை நிறுத்தினார்கள். நாங்கள் தினமும் வெளியிலிருந்து போய், லயம் லயமாகப் பார்த்துவிட்டு, கார்போலிக் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. நோய் அந்த ஓடையைத் தாண்டவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அழகம்மாவும் அந்த ஓடையைத் தாண்ட முடியவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து நேரே பாலத்துக்கு வந்து நிற்பாள். அவளுடைய தம்பி முருகன் அடுத்த தோட்டத்திலிருந்து இறங்கிவந்து வெளிப்பக்கத்தில் நிற்பான். "ஆத்தா கஞ்சி குடிச்சிச்சாடா?" என்று இவள் கத்துவாள். "ரெண்டு மடக்கு குடிச்சிச்சுக்கா. நீ எங்கேன்னு கேட்டுச்சு" என்று அவன் கத்துவான். இப்படிக் கூட்டம் கூடிக் கத்துவது கூடாது என்று காவல்காரர் ஒரு நாள் இருவரையும் விரட்டினார். அழகம்மா என்னிடம் வந்தாள்:

"சத்தத்துலயும் அம்மை ஒட்டுமான்னு அந்தப் பெரிய ஐயாகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மிஸ்ஸி. ஒட்டும்னா நான் வாயப் பொத்திக்கிறேன்."

ஆர்ன் சத்தம்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் பாலத்தடியில் ஜீப்புக்காகக் காத்து நின்றோம். உள்ளேயிருந்து துரையின் கார் ஆர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பின் ஆசனத்தில் துரைசாணி. பண்டாரவளைக் கிளப்பில் ஏதோ விருந்து. காவல்காரர் ஓடிப்போய்த் தடியைத் தூக்கினார். துரைசாணி என்னை அடையாளம் கண்டு கையசைத்தார், நானும் அசைத்தேன். பாலத்தின் உட்பக்கத்தில் அழகம்மா நின்றாள். ஊசி போட்ட இடத்தில் அவளுக்குப் பொருக்கு நன்றாகக் காய்ந்திருந்தது. காரில் போனவர் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்.

பரிசோதகர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். பங்களா லயத்தைச் சேர்ந்ததல்ல என்று, நான் கேட்காமலே ஒரு விளக்கம் சொன்னார். தடியை இறக்கிவைத்துவிட்டு வந்த காவல்காரரிடம், எந்த எந்த வண்டிக்குத் தடியைத் தூக்கச் சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்தபடி சொன்னார்:

"ஆர்ன் அடிச்சாத் தூக்கணும், நின்னு கும்புட்டாத் தூக்கக் கூடாது. எனக்குச் சொன்னது அவ்வளவுதானுங்க."

வாய்க்கரிசி

ஒரு காலையில் ஜீப் பாலத்துக்கு வருமுன்பே தப்புச் சத்தம் கேட்டது. அடுத்த தோட்டத்தில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று டிரைவர் சொன்னார். யார் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அழகம்மா தலை குளித்து, ஈரக்கூந்தலோடு பாலத்தின் நடுவில் நின்றிருந்தாள். முந்தானை முனையில் ஏதோ முடிந்திருந்தது.

அவள் அழவில்லை. ஐயா, நான் வெளியே கால் வைக்க மாட்டேன், என்றுதான் தொடங்கினாள். தம்பியிடம் சொல்லித் தாயைப் பாலத்தடிவரை தூக்கிவரச் செய்திருந்தாள். பாடை இறங்கி வந்துகொண்டிருந்தது. முந்தானையில் இருந்தது வாய்க்கரிசி. பெற்றவளின் வாயில் தன் கையால் போட வேண்டும். அது முடியாவிட்டால் அந்த அரிசியையாவது நாங்கள் தடிக்கு மேலால் வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். "ஒரு பிடிதானுங்க" என்றாள்.

பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏலாது, அழகம்மா. சீலையிலை முடிஞ்சதெல்லாம் கிருமியைக் காவிக்கொண்டு போகும். நான் வைச்ச சட்டமில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒண்டு."

"ஐயா, அவளுக்குப் பொருக்கு விழுந்துவிட்டது, இனி அம்மை வராது" என்றேன்.

"தெரியும் பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பாடையைத் தடிக்கு அப்பால், நாங்கள் நின்ற பக்கத்தில், பாதையின் நடுவில் இறக்கி வைத்தார்கள். தப்பு நின்றது. கிழவியின் முகம் பாலத்தை நோக்கி இருக்கும்படி முருகன் தலைமாட்டைத் திருப்பி வைத்தான். "அக்கா, நம்ம வீட்டு அரிசிய நான் போடுறேன். உன் பேரச் சொல்லிப் போடுறேன்" என்று கத்தினான். "எங்கையால போடணும்டா" என்று அவள் கத்தினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எறிஞ்சாலாவது விழுமாங்க?" என்று கேட்டாள்.

அப்போது அவளுக்குப் பின்னால், தோட்டத்துக்குள்ளிருந்து, ஆர்ன் அடித்தது. தொழிற்சாலை லொறி. தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் புறப்பட்டு வந்தது. அழகம்மா பாலத்துக் கம்பியோடு ஒதுங்கினாள். காவல்காரர் தடியைத் தூக்கினார். பாதையின் நடுவில் இருந்த பாடையை நான்கு பேர் தூக்கி மழைநீர்க் கானோரமாக நகர்த்தி வைத்து லொறிக்கு வழி விட்டார்கள். தடி மேலே நின்ற அந்த நேரத்தில் அவள் ஓடிவந்திருக்கலாம். ஓடிவரவில்லை. லொறி போனது, தடி இறங்கியது. முருகன் தன் கையிலிருந்த அரிசியைப் போட்டான். பாடையைத் தூக்கினார்கள். தப்பு மறுபடி தொடங்கி, மலைச்சரிவில் ஏறி, ஏறி, தேயிலைக்குள் மறைந்தது.

அதுவரை அழகம்மா கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். அரிசியை ஓடையில் கொட்டவில்லை, கீழேயும் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பரிசோதகரிடம் நீட்டிக் காட்டினாள். இனி அவளுக்கு அவரிடம் பெற வேண்டியது எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது:

"எங்கையி பட்ட அரிசி ஆகாதுன்னுட்டீங்க. இப்பப் போச்சே லொறி, அந்தப் பெட்டியில இருக்கறதும் எங்கையி பட்டதுதானுங்களே, ஐயா?"

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று இந்த வேலையில் நான் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவராவது அப்போது தடிக்கு உட்பக்கத்தில் நின்றதில்லை.