இன்ஸ்பெக்டருக்குப் பேர் இல்லை

அந்தக் காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரி முற்றத்தில் மூன்று பேர் இருந்தோம்: பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரய்யா, மூட்டை அவிழ்த்த கங்காணி, கணக்கெழுதப் புதிதாகக் கிளாக்கர் வேலைக்கு வந்திருந்த நான். இருந்திருக்க வேண்டிய சுங்க இன்ஸ்பெக்டர் இல்லை.

கழிவுத் தேயிலைத் தூளில் சுண்ணாம்பு கலந்து அழித்துவிட்டால் அதற்கு வரி கிடையாது. அழிப்பதை இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம், சுதந்திரம் வந்தும் மாறவில்லை. எங்கள் இன்ஸ்பெக்டரோ மாதத் தொடக்கத்திலேயே வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். அழித்ததாக எழுதும் மூட்டைகளில் பாதி அவருடைய ஆள் கொண்டுவரும் லொறியில் ஏறிவிடும். டீமேக்கரய்யா அதில் ஒரு சதமும் வாங்கியவரல்ல. பயந்து பேசாமல் இருந்தார்.

படிவத்தில் 'வந்திருந்தோர்' என்று ஒரு கட்டம். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சற்றுப் பிந்திப் போனதற்காக என் அம்மாவுக்குப் பேர் போடாமல் விரட்டிய நாட்கள் உண்டு. பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அப்படியிருக்க, வராதவருக்கு எப்படிப் பேர் போடுவது? எங்கள் மூவரையும் எழுதி, 'இன்ஸ்பெக்டர் வரவில்லை' என்று அவருடைய கையெழுத்துக்கு மேலேயே எழுதிவிட்டேன்.

டீமேக்கரய்யா இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, ஒன்னையப் படிக்க வச்சது யாரு?"

"அம்மாங்க."

"அந்தம்மாவ நான் பாக்கணும். எம் பொழப்புலயும் சேத்துச் சுண்ணாம்பு கலந்துட்டியே."

கங்காணி சிரித்தார். டீமேக்கரய்யா சிரிக்கவில்லை. கிழித்துப் போட்டு வேறு படிவம் எடுத்திருக்கலாம். ஆனால் அதே படிவத்தின் சாட்சிக் கட்டத்தில் தன் கையெழுத்தை வைத்தார்.

"அனுப்பு. வர்றது வரட்டும்."

கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். தான் வந்ததாகவும், பையன் தெரியாமல் எழுதிவிட்டதாகவும் இன்ஸ்பெக்டர் சாதித்தார். அதிகாரி அதை நம்பினால் என் வேலை போய்விடும். நான் கொழுந்து மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அதிகாரி டீமேக்கரய்யாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வரலைங்க" என்றார் டீமேக்கரய்யா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு வருஷமாவே வரலைங்க. வந்ததா எழுதுன தாள்லயெல்லாம் சாட்சிக் கையெழுத்து என்னோடதுங்க."

இன்ஸ்பெக்டரின் உத்தியோகம் போயிற்று. இன்று நான் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். டீமேக்கரய்யா ஓய்வு பெற்று, ராகலையில் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார். அன்று கேட்காத கேள்விக்கும் அவர் சொன்ன பதிலுக்கு விழுந்த அபராதம் இருநூற்றைம்பது ரூபாய். பாதியை நான் கட்டுகிறேன் என்று மன்றாடினேன். அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது பத்தே ரூபாய்.