ராணியாட்டம் இருக்கா

நர்சம்மாவின் சைக்கிள் கேரியரில் ஒரு ஸ்பிரிங் தராசு இருக்கும். பிள்ளையைத் துணித் தூளியில் போட்டு அதில் மாட்டினால் முள் ஆடி நிற்கும். என் மகன் பிறந்த இரண்டாம் மாதம், அந்த முள்ளை வெறித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுவதுபோல் இருந்தது. சோறு இறங்கவில்லை. என்னை நம்பி என்னாலேயே குளத்துப் படியில் இறங்க முடியவில்லை.

"தாய் எப்படி இருக்காங்க?" என்று நர்சம்மா கேட்பார். மாமியார் முந்திக்கொள்வார். "அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா." பெரிய வீட்டு மருமகள் வெளியாளிடம் வாய் திறப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. நர்சம்மா நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அது கூலித் தகராறு நடந்த வருஷம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுக்கு யாரும் இறங்கவில்லை. வாய்க்காலுக்கு அக்கரையில், கூலிக்காரர்கள் தெருவில் செங்கொடி பறந்தது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் உத்தரவு. எங்கள் வயலில் நடவு நடுகிற ஒருத்தி, எனக்கு நாலு நாள் கழித்து அங்கே பிள்ளை பெற்றிருந்தாள். அவளும் என்னைப்போலப் பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். கொல்லையில் நின்றால் அவள் வாசல் தெரியும். வேலையில்லாத பெண்கள் முறைவைத்து அவள் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். நர்சம்மா ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "பிள்ளை இருக்கட்டும். உனக்கு என்ன பண்ணுது, சொல்லு" என்பது தண்ணீரைத் தாண்டிக் கேட்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. பாதி ஊர் நிலம் எங்களுடையது. அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. அவள் எழவே வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கிறேன். பொறாமைக்கு ஈவிரக்கம் ஏது?

ஒரு நாள் நர்சம்மா பக்கத்தில் இருக்க, அவள் எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியவில்லை. மகனை மாமியார் பாயில் கிடத்திவிட்டு மூங்கில் பாலத்தைக் கடந்தேன்.

"இவகிட்ட மட்டும் கேக்குறீங்க. என்கிட்ட ஏன் கேக்கலை?"

நர்சம்மா திகைத்துப்போனார். "கேட்டேனேம்மா. உங்க மாமியார் சொன்னதை நம்பிட்டேன். என் தப்புதான்."

நடவுக்காரி பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கம்மா. சொன்னா கொஞ்சம் லேசாகும்."

குளத்துப் படி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற நோய்தாம்மா இது. உங்க மேல குத்தமில்லை. தனியா மட்டும் இருக்காதீங்க. நாளைக்கே டாக்டரைப் பாத்துடுவோம்" என்றார் நர்சம்மா.

வீட்டில் நடந்த ரகளை தனிக்கதை. ஆனாலும் மறுநாள் நர்சம்மா என் கணவரையும் கூட்டிக்கொண்டு என்னோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தேறுவதற்கு மாதங்கள் ஆயின.

போன மாதம் என் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ் சின்னப்பெண். அவள் கொண்டுவந்த தராசில் முள் இல்லை; எண்தான் தெரிந்தது. எடை பார்த்ததும் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"

பாலம் தாண்டாமலே கிடைக்கிறதே இவளுக்கு என்று பழைய வயிற்றெரிச்சல் மூண்டது. "அவளுக்கென்ன..." என்று ஆரம்பித்தேவிட்டேன். மருமகள் தலை குனிந்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். பேரனுடன் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே மருமகள் பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள்.