கல்வாழைக்குத் தண்ணீர் வேண்டாம்

கைகள் இரண்டும் முழங்கை வரை குழிக்குள் இருந்தன. அடிமண்ணில் ஒரு பிடி அள்ளி மேலே கொண்டுவந்து, கட்டைவிரலால் நசுக்கி, மூக்கருகே பிடித்தன. உடனே உதறின. புல்லில் துடைத்தன. துடைத்தும் வாடை போகவில்லை.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படிக் கோணுது?" என்றாள் கடப்பாரையோடு நின்றிருந்த நாத்தனார்.

"நீயே மோந்து பாரு."

"ஆள விடுங்க. அதுக்குத்தானே உங்களுக்கு அப்படிப் பேரு வச்சிருக்காங்க."

நாற்றுப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அவளை மோப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடுகளில் பூந்தோட்டம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பதினெட்டு வருடங்களுக்கு முன், ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது, துணி உலர்த்தும் இடத்தின் ஓரத்தில் யாரோ வெட்டிப் போட்ட ரோஜாத் தண்டை ஊன்றி வைத்தாள். அது துளிர்த்தது. அடுத்தது துளிர்க்கவில்லை. ஏன் என்று பிடுங்கிப் பார்த்தாள். அப்படிச் செத்த செடிகளின் வேரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

அவள் அவசரப்பட மாட்டாள். முதல் நாள் காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் நிழல் விழும் ஓரத்தில் கல் வைப்பாள். மறுநாள் கயிறு போட்டுப் பாத்தியின் வளைவைக் குறிப்பாள். மூன்றாம் நாள் நான்கு இடத்தில் முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எந்தச் செடி எங்கே என்ற பேச்சு. பண்ணையிலிருந்து வந்த கறுப்புப் பையோடு செடியைப் புதைத்துவிட்டுப் போகும் ஆட்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. பைக்குள் வேர் சுருண்டு சுருண்டு தன்னையே நெரித்துக்கொள்ளும். செடி சாகும்போது நட்டவன் நாலு தெரு தள்ளிப் போயிருப்பான்.

இந்த வீட்டில் மூன்று குழிகள் ஒழுங்காக வற்றின. நான்காவது, முன் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அதில் இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை.

மாடியில் யாரோ கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டார்கள். சுவருக்குள் குழாய் கடகடவென்று இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழியின் பக்கச் சுவர் வியர்த்தது. பிறகு கசிந்தது. கறுத்த நீர் அடியில் சேர்ந்து, மெல்ல ஏறி, ஓரத்தில் நுரை கட்டி நின்றது. அதில் ஒரு கொத்து முடியும், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றும் மிதந்தன.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வெளிக்கதவு வரை ஓடினாள். மோப்பக்கா நகரவில்லை. தன் கைகளையே பார்த்தாள். காலையிலிருந்து அவற்றை இதற்குள்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் கடைத்தெருவில் விளக்குக் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, சென்ட், எதற்கும் ஒரு சிரிப்பு. வீட்டை விற்கப் போகிறார். விற்பதற்குள் முன்பக்கம் பூத்துக் குலுங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார். குழியைக் காட்டியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது.

"தெரிஞ்சதுதாம்மா. செப்டிக் டேங்க்ல லேசா ஒரு விரிசல். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"அதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் அப்புறம் வர்றேன்."

"சரி பண்ணணும்னா முன் ரூம் தரையை உடைக்கணும். விக்கப்போற வீட்டுக்கு யாராவது அதைச் செய்வாங்களா? ரெண்டு வண்டி செம்மண்ணைக் கொட்டி மூடுங்க. ஜன்னலுக்குக் கீழ கமகமன்னு மல்லி வைங்க. எதுவும் தெரியாது."

"இந்த ஈரத்துல மல்லி பத்து நாள்ல அழுகிடும்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னாப் போதும்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, குழியைச் சுற்றி 'புஸ் புஸ்' என்று அடித்தார். ரோஜா மணமாம். மலத்தின் மேல் ரோஜா. இரண்டும் கலந்து எழுந்த வாடை தனி வாடைகளைவிடக் கேவலமாக இருந்தது.

"கிளம்பலாம் அண்ணி," என்று நாத்தனார் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் வெளிக்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டை வாங்கப்போகிற தையல்காரம்மா.

"ஜன்னல் அளவு எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேண்ணே. திரை தைக்கணும்ல? ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவை பாத்துட்டா கையெழுத்துதான்." மோப்பக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்கதான் தோட்டம் போடுறீங்களாக்கா? இருபது வருஷமா ஒரே ரூம்ல கட்டில், அடுப்பு, மிஷினு எல்லாம். பட்டப்பகல்லயும் லைட்டைப் போட்டுத்தான் ஊசி கோக்கணும். இனிமே மிஷினை இந்த ஜன்னலோரம் போட்டுடுவேன். நாளெல்லாம் ஜன்னலைத் திறந்து வச்சு, உங்க பூவைப் பாத்துக்கிட்டே தைப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஏதோ வாடை வருதே?"

"எரும்மா," என்றார் கடைக்காரர். "இங்க வாசனைக்கு மல்லி வேற வரப்போகுது, பிடிக்கும்ல? தோட்டம்னா எரு போடாம முடியுமா? இல்லையாம்மா?" என்று மோப்பக்காவைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் மோப்பக்கா.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றாக மக்கிய எரு நாறாது. மழை பெய்த மண்ணைப்போலத்தான் இருக்கும். அதை ஊரெல்லாம் சொல்லிப் பிழைக்கிறவள் வாய் கூசாமல் ஆமா போட்டுவிட்டாள்.

பேருந்தில் நாத்தனார் விடவில்லை. "அந்த எருல ரெண்டு மூட்டை நம்ம வீட்டுக்கும் கொண்டு போலாமா அண்ணி? மகராசி, நாளெல்லாம் ஜன்னலைத் திறந்து வச்சு மோந்துக்கிட்டே தைக்கப்போறா."

"வாயை மூடிக்கிட்டு வா."

"நான் மூடிக்கிறேன். திறக்க வேண்டியவங்க திறக்கலையே."

அன்று வீட்டில் மோப்பக்கா மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணை ஊசியால் கிளறினாள். சாப்பாட்டுத் தட்டு வரை கொண்டுபோன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கரண்டியால் சாப்பிட்டாள். கையில் அழுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாற்றம் அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போனாள். வெயில் விழும் பக்கம் ரோஜா, நடைபாதையோரம் சாமந்தி, மதிலை ஒட்டிச் செம்பருத்தி. ஒவ்வொரு பையையும் பிளேடால் கீறி, சுருண்ட வேரை விரலால் பிரித்துவிட்டு நட்டாள். ஜன்னலுக்குக் கீழே மட்டும் மல்லி வைக்கவில்லை. கொட்டி மூடிய செம்மண்ணில் கல்வாழை வைத்தாள். கழிவுநீரில் நின்று தழைக்கக்கூடிய செடி அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கடைக்காரர் பார்த்தார். சிவப்பாகப் பூத்திருந்ததால் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவும் அவள் கணவரும் வந்தார்கள். தோட்டத்தை ஒப்படைக்கும்போது மோப்பக்கா ஒவ்வொரு செடியின் முன்னும் நிறுத்தி, அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லித்தான் விடுவாள். ரோஜாவுக்கு எங்கே வெட்டுவது, சாமந்தியில் எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது. தையல்காரம்மா கவனமாகக் கேட்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். கடைக்காரரும் பின்தொடர, எல்லோரும் ஜன்னலுக்குக் கீழே வந்தார்கள்.

"இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்க்கா?"

"இதுக்கு ஊத்தவே வேண்டாம்."

"ஏன்?"

"அம்மா, பூவைப் பத்தி மட்டும் பேசுங்க," என்றார் கடைக்காரர், சிரிப்பு மாறாமல்.

மோப்பக்கா தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு எருன்னு சொன்னேன்ல? பொய். எரு இப்படி நாறாது." நாத்தனாரிடமிருந்து கடப்பாரையை வாங்கிச் செம்மண்ணில் ஓங்கிக் குத்தி நெம்பினாள். நாத்தனார் யாரும் சொல்லாமலே மாடிப்படி ஏறினாள். "யாரைக் கேட்டு மேல போற?" என்று கடைக்காரர் கத்துவதற்குள் தண்ணீர் இழுபடும் சத்தம் கேட்டது.

ஓட்டையில் கறுப்பு ஏறி வந்தது. செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு வந்தது.

தையல்காரம்மா மூக்கை மூடிக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வா, போலாம்," என்றார் கணவர்.

"இருங்க." அவள் மோப்பக்காவின் பக்கம் வந்தாள். "இதைச் சரி பண்ண முடியாதாக்கா?"

"தரையை உடைச்சு டேங்கைச் சரி பண்ணணும். இந்த இடத்து மண்ணு முழுக்க வாரிக் கொட்டணும். ஒரு கோடை காயணும். அப்புறம் எது வச்சாலும் வரும்."

தையல்காரம்மா கடைக்காரரிடம் திரும்பினாள். "உடைச்சுச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. சே! வாசனைக்கு மல்லி வேறயா கேட்டீங்க என்கிட்ட, பிடிக்குமான்னு?"

அவர்கள் போன பிறகு கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் வியர்க்க வியர்க்க நின்றார். "திருப்திதானே? நல்லா இரும்மா," என்றார்.

மோப்பக்கா கைகளைக் குழாயடியில் கழுவினாள். ரப்பர் குழாயைப் பொருத்தித் திறந்து, தண்ணீர் ஓட ஓட அதன் முனையை அவரிடம் நீட்டினாள்.

"ரோஜாவுக்குக் காலையில ஒரு வேளை. சாமந்திக்கு ரெண்டு வேளை. இலையில படாம வேர்ல ஊத்துங்க."

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் அவர் அதை வாங்கிக்கொண்டார்.