குணசீலன் அண்ணை திருப்பித் தந்த கையெழுத்துகள்

குணசீலன் அண்ணை இறந்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு அவருடைய மருமகன் வந்தார். ஒரு கட்டு மரண அறிவித்தலை மேசையில் வைத்து, "அக்கா, கண்ணாடியிலை ஒண்டு ஒட்டிவிடுங்கோ" என்றார். படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒட்டியது கோணலாகிவிட்டது. முதலாளி கழற்றி ஒட்டச் சொன்னார். நான் அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு இங்கே வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு அவரை ஒரு பெற்றோல் நிலையத்தின் காசாளராகத்தான் தெரியும். பிறகு அந்த எண்ணெய்க் கம்பனி, சுத்தமான மின்சாரத்துக்கென்று ஒரு துணை நிறுவனம் தொடங்கியது. அது பாரிஸிலிருந்து புறநகர்களுக்கு விரிந்தபோது, சார்செலில் சனத்தைத் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவரை எடுத்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கடைக்கு வந்த முதல் நாளே எங்கள் முதலாளி பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணை, இவ்வளவு நாளும் எண்ணெய் வித்துப்போட்டு இப்ப வெயில் விக்கிறியளோ?" அண்ணை சிரிக்காமல் சொன்னார்: "வெயிலுக்கு நாத்தம் இல்லையடாப்பா. இப்பதான் மனுசி கிட்ட வந்து இருக்கிறாள்."

சார்செலில் அப்போது அவரும் நாங்களும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். அந்தக் கூரையில் சூரியத் தகடு பூட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த முதல் வேலை. அது சரிவந்தால் பக்கத்துக் கட்டடங்களும் வரும் என்பது கம்பனியின் கணக்கு. அதற்கு வீட்டுச் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் கை உயர்த்த வேண்டும். எங்கள் ஆட்கள் கூட்டத்துக்குப் போவார்களா? வேலை, களைப்பு, பிரெஞ்சு விளங்காது. அதற்குப் பதிலாக 'புவ்வார்' என்ற ஒரு தாள் உண்டு. எனக்காக இன்னார் வாக்களிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது. இன்னார் யார் என்ற இடத்தைக்கூட நிரப்பாமல், வெறும் கையெழுத்தை வைத்து அவரிடம் நீட்டினோம். அவர் தகட்டைப் பற்றி விளக்கத் தொடங்குவார். "அதை விடுங்கோ அண்ணை, எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவோம். தமிழ் வீடுகள் முழுவதும் இப்படித்தான் அவர் பைக்குள் வந்தன. மேலதிகாரி அவர் தோளில் தட்டினாராம்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முந்தி அண்ணை திரும்பவும் வந்து மணி அடித்தார். மின்தூக்கி பழுது, மூச்சு வாங்கியது. என்னுடைய தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதை வைச்சிருங்கோ. கூட்டத்துக்கு நீங்களே வாங்கோ."

"ஏன் அண்ணை, திட்டம் பிழையோ?"

"பிழையில்லை. நல்ல திட்டம். ஆனா கூரை ஒழுகினா, தகட்டைக் கழட்டிப் பூட்டுற செலவு வீட்டுக்காரர் எங்கடை தலையிலை எண்டு ஒப்பந்தத்திலை கிடக்கு. நேற்றுத்தான் ஆறுதலா இருந்து வாசிச்சனான்."

"அப்ப அதைத் தெரிஞ்சுகொண்டு நீங்களே எங்களுக்காகப் போடுங்கோவன்."

"நான் அவங்களிட்டைச் சம்பளம் வாங்கிறவன். உங்கடை கையையும் நானே தூக்கினா, பிறகு கேக்கிறதும் நான், ஓம் எண்டுறதும் நான். அது சரியில்லை. வந்து ஓம் எண்டு சொல்லுங்கோ, எனக்குச் சந்தோசம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து மணிநேரம் கடையில் நின்றுவிட்டு வந்தவளுக்கு இது என்ன புதுத் தொல்லை என்று நினைத்தேன். அவர் அடுத்த கதவுக்குப் போனார். ஒவ்வொரு கதவாக இதையே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்துக்குத் தமிழர் என்று வந்தது நாங்கள் நாலைந்து பேர். அண்ணை கதவுப் பக்கம் உள்ள கதிரையில் இருந்து, யாரும் வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மேலதிகாரி முன்வரிசையில் இருந்தார். எண்ணிப் பார்த்தபோது தேவையான வாக்கு வரவில்லை. அந்தத் தாள்கள் அவர் பையில் இருந்திருந்தால் தாராளமாக வந்திருக்கும். மேலதிகாரி எழுந்து அவருக்குக் கைகூடக் கொடுக்காமல் வெளியே போய்விட்டார்.

அதோடு கம்பனி சார்செலை விட்டுவிட்டு ஆர்ஜொந்தெய் என்ற இன்னொரு புறநகர்ப் பக்கம் திரும்பியது. அண்ணையை அலுவலகத்தில் தொலைபேசிக்கு முன்னால் இருத்தினார்கள். நாள் முழுக்க மற்றவர்களின் முறைப்பாடு கேட்பது. கம்பனியின் கோபமாவது எனக்கு விளங்குகிறது. எங்கள் ஆட்களின் கோபத்தைத்தான் தாங்க முடியவில்லை. ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் வந்த நாள், அத்தனை சனத்துக்கு நடுவில், எங்கள் கட்டடத்துக்காரர் ஒருவர் மறித்துக் கேட்டார்: "உங்களாலைதானே அண்ணை எங்கடை கரண்ட் காசு குறையேல்லை?" கூட்டத்துக்கு வராத மனிதர் அவர். அண்ணை வாதாடவில்லை. "ஓம், என்னாலைதான்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "களைச்சுப் போனன் தங்கச்சி, எங்கையாவது கொஞ்சம் இருப்பம்" என்றார். ஒரு கடைப் படியில் இருந்தோம். தேர் போய் முடியும்வரை அவர் எழும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இதை வாசிக்கும், அவரைத் தெரிந்த நீங்கள் செத்தவீட்டுக்கு வந்தீர்கள், நல்ல மனிதர் என்றீர்கள். எனக்குக் கேட்கச் சலிப்பாக இருந்தது. அந்த நல்ல குணத்துக்காகவே அவரோடு முகம் முறித்தவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

எட்டாம் நாள் சடங்குக்கு மறுநாள், இந்த வருடக் கூட்டத்துக்கான புவ்வார்களை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுப் பெண் என் வாசலில் நின்றாள். "அண்ணை இல்லைத்தானே, இனி நீங்கள்தான் அக்கா" என்றாள். தன்னுடையதும் தெரிந்தவர்களுடையதும், எல்லாம் கையெழுத்திட்டபடி, பெயர் இல்லாமல் இருந்தன. நான் வாங்கவில்லை. "வந்து நீங்களே போடுங்கோ" என்றேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இப்போது கட்டடத்தில் எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று பேச்சு. குணசீலன் அண்ணையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கெட்ட பெயர் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.